தொழிற்சாலையில் தகுதி விளங்குமாறு

'தகுதி' என்னுஞ் சொல் 'தகு' என்னும் அடியினின்று பிறந்தது. தகவு, தகை, தகைமை, தக்கார் என்பனவும் அவ் வடியினவே. ஒன்றற்கு ஒன்று ஏற்றதாய்ப் பொருந்துதல் என்பது இவற்றினூடே ஓடும் பொருள். எனவே, தகுதி என்பது ஒருவன் தன் நெஞ்சினுள் பூட்டி வைத்திருக்குஞ் செல்வமன்று. அவனுக்கும் அவன் மேற்கொண்ட வினைக்கும் இடையே உள்ளதொரு பொருத்தம். பொருத்தம் உண்டென்று சொல்லுதற்கு அதனைக் காணுங் கண் ஒன்று வேண்டும். காண்பாரின்றிக் கிடக்குந் தகுதி உளதாயினும் இலதே போலும். பணிபுரிவார் ஒருவர் தம் தகுதியைப் பணியிடத்தே எங்ஙனம் புலப்படுத்துவது என்னும் வினா இதனாலேயே எழுகின்றது.

இவ் வினாவை யான் நூல்களினின்று எடுத்துக்கொண்டேனல்லேன். நம் மாணவருள் பலருக்குத் தமையனோ தமக்கையோ மாமன் மகனோ திருப்பெரும்பூதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருக்கின்றனர். விடுமுறைக்கு அவர்கள் வீடு வருங்கால் பேசும் பேச்சுப் பெரும்பாலும் ஒன்றே: "பெர்மனென்ட் ஆக்குவார்களா, மாட்டார்களா?" தமிழ் பயில்வானுக்குத் தொழிற்சாலையில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் நகைத்தார். 'வினை' என்னுஞ் சொல்லைத் திருக்குறளின் அதிகாரத் தலைப்புக்களிலேயே பன்முறை பயில்கின்ற நாம், அவ் வினை இன்று எவ்விடத்து எவ்வாறு நிகழ்கின்றது என்று ஒரு முறையேனும் எட்டிப் பார்த்தல் குற்றமாகாது என்பதே அவர்க்கு யான் கூறும் விடை.

இராமாநுசர் 1017-இல் தோன்றிய ஊர் என்று நாடெங்கும் அறியப்பட்ட திருப்பெரும்பூதூரைச் சூழ்ந்த நிலம் ஏரிகளால் நெல் விளைந்த நிலம். தமிழக அரசு தொழில் வளர்ச்சிக்கென 1971-இல் தோற்றுவித்த சிப்காட் நிறுவனம் ஈண்டு இருங்காட்டுக்கோட்டையிலும் திருப்பெரும்பூதூரிலும் ஒரகடத்திலும் வல்லம்-வடகாலிலும் தொழிற்பூங்காக்களை வகுத்தது. 1998-இல் ஹூண்டாய் நிறுவனத்தின் முதற் கார் இருங்காட்டுக்கோட்டையினின்று வெளிப்போந்தது. 2006-இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும், 2007-இல் சாம்சங்கும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ, நிசான் ஆகிய இரண்டன் கூட்டு ஆலையும், 2012-இல் டெய்ம்லரின் லாரி ஆலையும், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டும் வந்தன. இவை பெரும் பெயர்கள். இவற்றைச் சூழ்ந்து இவற்றிற்கு வேண்டும் கண்ணாடியும் டயரும் இருக்கையும் குழாயும் மின்கம்பிக் கட்டும் செய்து தரும் சிறு, நடுத்தர ஆலைகள் மிகப் பல. வெளி மாவட்டங்களினின்று வந்து தங்கும் பெண்கள் தொகை எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சான்று: 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் திறக்கப்பெற்ற விடுதிக் கட்டடங்கள் 18,720 பெண்கள் தங்குதற்குரியன. ஒரு சிற்றூரன்று, ஒரு பேரூரே அது.

இனி, இவ்விடத்து வேலையின் இயல்பை நோக்குவோம். குயவன் வனைந்த பானையைக் காட்டி 'இஃது அவன் கைவேலை' என்னலாம். உழவன் தகுதி வரப்பில் நின்று நோக்குவார்க்கெல்லாம் கதிராய்த் தோன்றும். தொழிற்சாலை 'லைனில்' அங்ஙனமில்லை. காரின் கூடு மெல்ல நகர்ந்துகொண்டே வருகின்றது. ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு நிமிடம் அளவான காலமே உண்டு. அதற்குள் ஒருவர் நான்கு போல்ட்டுக்களைப் பொருத்தி, டார்க் ரெஞ்சினால் குறித்த அளவு முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாகப் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடிடுகின்றார். அடுத்த கூடு வந்துவிடுகின்றது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை அதுவே. அவர் நன்றாகச் செய்தால் விளைவது யாது? ஒன்றும் விளையாது! அவ்வளவே. ஓசை எழாது, வண்டி திரும்பி வாராது, எவரும் அவர் பெயரை வினவார். பிழைத்தால் மட்டும் அவர் பெயர் எழுந்து வரும். நல்வினை தன்னை மறைத்துக்கொள்ளவும் தீவினை தன்னை முழக்கிக்கொள்ளவும் அமைந்த இடம் இது. 'நீ உன் வேலையைச் சரியாகச் செய். தகுதி தானே விளங்கும்' என்று பெரியோர் கூறும் அறிவுரை இவ்விடத்துப் பாதியே உண்மை என்பது இதனாற் பெறப்படும்.

அம் மற்றைப் பாதி யாது? என் தாய்மாமன் மகனாகிய அத்தான் கூறிய செய்தியொன்று அதனைக் காட்டும். அவர் ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் படித்தவர். ஒரகடத்தை அடுத்ததொரு சிறிய உறுப்பு ஆலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இரும்புத் தகட்டுத் துண்டுகளைத் தாங்கியிற் பொருத்தித் துளையிடும் வேலை. அவற்றுட் சிலவற்றில் துளை மயிரிழை விலகி வீழ்ந்து, அவை கழிக்கப்பட்டன. யார் பிழை என்று ஒவ்வொரு ஷிப்ட்டினரும் மற்றையோரைச் சுட்டினர். அத்தான் ஒரு காசுப் பெறாத குறிப்புப் புத்தகத்தில் கழிபட்ட ஒவ்வொரு துண்டும் எந்நேரத்தில் வந்ததென்று எழுதி வந்தார். பதினொரு நாள் எழுதினார். பார்த்தபொழுது, பெரும்பாலானவை ஷிப்ட் மாறிய முதல் அரைமணிக்குள் வந்தவை என்பது தெரிந்தது. போகின்றவர் 'வருகின்றவன் துடைத்துக்கொள்வான்' என்று விடுகின்றார். வருகின்றவர் 'போனவன் துடைத்திருப்பான்' என்று தொடங்கிவிடுகின்றார். தாங்கியின்மேல் இரும்புச் சீவல் தங்கி, துண்டு சற்றே உயர்ந்து அமர்கின்றது, துளை விலகுகின்றது. பரிகாரம் இரண்டு நிமிடத்துத் துடைப்பு! அதனை ஷிப்ட் கைம்மாற்றும் முறையில் எழுதிச் சேர்த்தனர்.

இச் செய்தியில் யான் வியப்பது அவர் அறிவையன்று, அப் புத்தகத்தை. நேர்காணலில் 'இவ்வாண்டு என்ன செய்தாய்?' என்று கேட்டபொழுது, உடன் இருந்தவர்கள் 'கஷ்டப்பட்டு வேலை செய்தேன், சார்' என்றனராம். அஃது உண்மையே. ஆயினும் கேட்பவர் கையிற் பிடித்துக்கொள்ளுதற்கு அதில் ஒன்றுமில்லை. அத்தான் நாளும் நேரமும் எண்ணும் காட்டினார். நிலைப்பணி பெற்றார். கதையை ஈண்டு முடித்தால் இனிதாயிருக்கும். ஆனால் முழுவதும் சொல்லவேண்டும். அவர்க்குத் துளையிடும் அலகைத் தீட்டக் கற்றுக்கொடுத்த நண்பர், அவரினும் கைத்திறன் மிக்கவர், எடுக்கப்படவில்லை. இடங்கள் சிலவே, அந் நண்பருக்குக் கையில் திறமிருந்தது, காட்டுதற்கு எழுத்தில்லை.

சட்டமும் ஈண்டுப் பெரிதும் துணை நில்லாது என்பதை இளையோர் முன்னரே அறிதல் நலம். தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பெற்றது. பயிற்சி முடித்தவரைப் பணியில் அமர்த்தியே தீரவேண்டும் என்று அது முதலாளியைக் கட்டுப்படுத்தவில்லை. 2014-இல் செய்த திருத்தமும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளுமாறு கூறியதோடு நின்றது. ஆகலின், சேரும் நாளிலேயே 'இந் நிறுவனத்தின் கொள்கை யாது?' என்று பணிவோடு வினவுதல் வேண்டும். வினவுதற்கு அஞ்சி ஈராண்டு கழித்துத் திகைப்பார் பலர்.

திருவள்ளுவர் அமைச்சியலில் அதிகாரங்களை வைத்த முறை இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. அமைச்சினை அடுத்து வைத்தது சொல்வன்மை. அதன் பின்னரே வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்பன வருகின்றன. வினையினும் முற்படச் சொல்லை வைத்தது என்னை? வகுப்பில் இதற்குப் பல விடை கூறப்படும். எனக்குத் தோன்றுவது இது: ஒருவர்கீழ் நின்று வினை செய்வான் எவனும் தான் கண்டதை மேலோர்க்கு எடுத்துரைக்க வல்லனல்லனாயின், அவன் வினை பாதியிலே நின்றுவிடும். அமைச்சனுக்கு உரைத்த இலக்கணத்தை லைனில் நிற்பானுக்கு ஏற்றுவது மிகையென்பார் உளராகலாம். அமைச்சன் அறியாத ஒன்றை அந்த நிலையத்தில் நிற்பவன் அறிவான் ஆதலின், மிகையன்று என்றே துணிகின்றேன்.

சொல்லுதல் என்பது தற்புகழ்ச்சியன்று. தன்னைப் பற்றிப் பேசுவது ஒன்று. வினையைப் பற்றிப் பேசுவது வேறொன்று. குறை கண்டவிடத்து லைனை நிறுத்துதலே வினையைப் பற்றிய பேச்சில் தலையாயது. ஜப்பான் நாட்டு டொயோடா சகிச்சி என்பார் நூல் அறுந்த அக்கணமே தானே நின்றுவிடும் தறியை ஆக்கினார். அவர் வழிவந்த டொயோடா கார் ஆலையில் தொழிலாளி கயிற்றை இழுத்து விளக்கெரியச் செய்து லைனை நிறுத்தலாம் என்னும் முறை அமைந்தது. இன்று நம் பக்கத்து ஆலைகளிலும் அவ்வகை விளக்குகள் உள. ஆனால் விளக்கு இருப்பது வேறு, அதனை எரியவிடும் துணிவு வேறு. லைன் ஒரு நிமிடம் நின்றால் ஒரு வண்டி குறையும். அன்றைய கணக்கு வீழும். மேற்பார்வையாளர் முகம் சிவக்கும். குறையை விடுத்து அனுப்பினாலோ, அஃது ஒரு நாள் நெடுஞ்சாலையில் யாரோ ஒருவர் குடும்பத்தோடு செல்லும் வண்டியில் வெளிப்படும். 'தகுதி' என்பது இங்கே பதவி உயர்வைப் பற்றிய பேச்சாக மட்டும் இல்லாதொழிந்து, பிறர் உயிரைப் பற்றிய பேச்சாகி விடுகின்றது.

பல ஆலைகளில் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். இடப்புறம் பெயர்கள், மேலே வேலைகள், கட்டந்தோறும் ஒரு வட்டம், நான்காய்ப் பகுக்கப்பட்டது. கற்கத் தொடங்கியவர்க்கு ஒரு கால் நிறம் பெறும். பிறர் மேற்பார்வையிற் செய்ய வல்லார்க்கு அரை. தனித்துச் செய்வார்க்கு முக்கால். பிறர்க்குக் கற்பிக்க வல்லார்க்கே முழுவட்டம். குறியீடு ஆலைக்கு ஆலை சிறிது வேறுபடும். கற்பித்தலை உச்சியில் வைத்த இவ்வட்டத்தை வகுத்தவர் யாராயினும் அவர் நல்லாசிரியர்! பக்கத்து நிலையத்து வேலையைத் தேநீர் இடைவேளையில் கேட்டுக் கற்றுக்கொள்பவர், ஒருவர் வாராத நாளில் அவ்விடத்தை நிரப்புகின்றார். அன்று அவர் தகுதியை எவரும் பறையறைய வேண்டுவதில்லை. தம் வட்டம் பழைய நிலையிலேயே கிடக்கின்றதெனின், அதனைத் திருத்துமாறு கேட்டலும் அவர்க்கு உரியதே.

போலித் தகுதி ஒன்று உண்டு. அதனைப் பற்றி நெடிது எழுத விருப்பமில்லை; நம் விடுதியிலும் தேர்வுக் காலத்தில் விளக்கெரித்து வைத்துத் துயில்வார் உளர். வேலையின்றி நெடுநேரம் தங்குதல், உடனுழைப்பார் பிழையைத் தனியே சென்று ஓதுதல், உடல் தாங்காத நிலையிலும் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து நின்று 'உழைப்பாளி' எனப் பெயர் வாங்குதல் ஆகியன அதன் வடிவங்கள். மூன்றாவதனையே சிலர் மெச்சுகின்றனர். பதினாறு மணி நின்ற கை அழுத்து இயந்திரத்தின்முன் எவ்வளவு விழிப்பாயிருக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இதுகாறும் பணிபுரிவான் கடனையே பேசினோம். நம் இதழைப் படிக்கும் பழைய மாணவருள் மேலாளராய், மனிதவளத் துறையினராய் இருப்பாரும் உளர். அவர்க்கும் வள்ளுவர் ஒரு சுமை வைத்துள்ளார். 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் வேலையாளை நோக்கியதன்று, அரசனை நோக்கியது. இன்னான் இன்னது செய்ய வல்லன் என்று ஆராய்ந்து, அவனிடத்து அதனை விடுதல் ஆள்வோன் கடன் என்பது அதன் கருத்து. தகுதியைக் காட்டுதல் பணியாளன் பாதி. அதனைக் காணுதல் ஆள்வோன் பாதி. பின்னைப் பாதி நிகழாதவிடத்து முன்னையதற்கு மட்டும் வகுப்பு நடத்துவது வீண்.

இதனோடு ஒத்த கருத்தை இக் காலத்து அறிஞரொருவரும் கூறினார். அமெரிக்க நாட்டு டெமிங் 1950-இல் ஜப்பானியர்க்குத் தர முறைகளைப் பயிற்றியவர். ஆண்டுதோறும் ஆளுக்கு மதிப்பெண் இட்டுத் தரம் பிரிக்கும் வழக்கத்தை அவர் நிறுவனங்களைக் கொல்லும் நோய்களுள் ஒன்றாக எண்ணினார். விளைவின் வேறுபாடு பெரும்பாலும் வேலை அமைந்த முறையினின்று வருவது, அதனை ஆள்மேல் ஏற்றுதல் முறையன்று என்பது அவர் துணிபு. அத்தான் கண்ட இரும்புச் சீவலை நினைத்தால் இது விளங்கும். துளை விலகியதற்கு எந்த ஷிப்ட்டினருக்கு மதிப்பெண் குறைப்பது? டெமிங் பெயரால் ஜப்பானியர் வழங்கும் பரிசினை இந்தியாவில் முதன்முதற் பெற்றது நம் சென்னைப் பாடியில் உள்ள சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998-இல். எனவே இஃது அயல்நாட்டார்க்கு மட்டும் இயல்வதென்று கூறுதற்கும் இடமில்லை.

காண வேண்டியவர் காணாதவிடத்துத் தொழிலாளர் ஒருங்கு கூடிக் கூறுதலும் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தபொழுது, உடனுழைப்பார் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-இல் மீளத் திறந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம் சங்கத்தை ஏற்குமாறும் ஊதியம் உயர்த்துமாறும் கேட்டு 37 நாள் வேலை நிறுத்தினர். சங்கம் 2025 ஜனவரியிற் பதிவு பெற்றது. இவற்றின் நியாய அநியாயங்களை எடையிடுதல் ஈண்டு என் கருத்தன்று. ஆயினும் 'தகுதியுள்ள பணியாளன் ஒன்றும் கேளான்' என்று சிலர் கூறும் கூற்றை யான் ஒப்பேன். நற்சோறு கேட்ட அப் பெண்களே முன்னைய நாள்வரை பழுதின்றிக் கைப்பேசி கோத்தவர்கள். கேட்ட நாளில் அவர்கள் கைத்திறன் குறைந்துவிடவில்லை.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது, அதுவே கடினமானது. நோக்கியா ஆலை உலகில் அந் நிறுவனத்தின் பெரிய ஆலைகளுள் ஒன்றாய் விளங்கியது. இளம் பெண்களே அங்குப் பெருந்தொகையினர். கைப்பேசிகள் கோடிக்கணக்கில் அவர்கள் கைவழியே சென்றன. வரிப் பிணக்கினால் ஆலைச் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபொழுது, இவ்வாலை அவ் விற்பனையினின்று விலக்கப்பட்டது. நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அவ்வாயிரவர் தகுதியில் என்ன குறை? ஒன்றுமில்லை. அவர்கள் எட்டாத உயரத்தில், அவர்களைக் கேளாது, அது முடிவாயிற்று. தகுதி வேலையைக் காக்கும் என்று இளையோர்க்கு நாம் உறுதி கூறின் அது பொய்யுறுதியாகும்.

ஆயினும் 2019-இல் அவ் வளாகத்தைச் சால்காம்ப் என்னும் சார்ஜர் செய்யும் நிறுவனம் வாங்கியது. ஃபாக்ஸ்கானும் பிறவும் கைப்பேசித் தொழிலை அப் பக்கத்திலேயே பின்னர்ப் பெருக்கின. தொழில் ஓரிடத்து வேர் விட்டபின், ஆலை மாறினாலும் அறிந்த கைகளுக்குத் தேவை எழும். அங்ஙனம் எழுங்கால், அறிந்ததை அடுத்த வாயிலில் காட்டுவது எங்ஙனம் என்பதே வினா. பல நிறுவனங்கள் தரும் அனுபவக் கடிதம் இரண்டு வரி: இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை வேலை செய்தார், நன்னடத்தை உடையவர். ஐந்தாண்டு இயந்திரத்தோடு வாழ்ந்தவர்க்கு இவ் விரண்டு வரி போதுமோ? எந்த இயந்திரத்தில் நின்றார், எவ்வேலையைப் பிறர்க்குக் கற்பித்தார், எப் பயிற்சி முடித்தார் என்பவற்றையும் அதில் எழுதித் தருமாறு, வெளியேறுமுன் கேட்டு வாங்கவேண்டும். தொழிற்பழகுநராய் இருந்தவர் தேசியச் சான்றிதழுக்குரிய தேர்வினை எழுதாது விடலாகாது. வருங்கால வைப்பு நிதியின் 12 இலக்க எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் குறித்து வைத்தல் வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு இவை இன்னும் இன்றியமையாதன. அவர்க்கு ஊதியம் கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் மற்றொருவர் ஆதலின், கடிதம் இருவரிடத்தும் கேட்கற்பாலது.